நிரலுக்கும் தாய்ப்பத்திரம் உண்டு

கரிசல் நிலம் வாங்குவதற்காக விளாத்திகுளம் சார்பதிவாளர் அலுவலக வாசலில் வந்து நிற்கிற எந்த விவசாயியும், விற்கிறவர் நீட்டும் பட்டாவை மாத்திரம் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. தாய்ப்பத்திரம் எங்கே, நடுவில் யாரிடம் அடமானம் போயிற்று, எந்த வருஷம் மீட்கப்பட்டது என்று வில்லங்கம் முழுவதையும் புரட்டிப் பார்த்த பிற்பாடே அச்சாரத்துக்குக் கை நீளும். கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுகிறவர்களுக்கும் இந்த ஜாக்கிரதை அவசியம் என்பது என் திடமான அபிப்பிராயம். ஒரு நிரலின் இன்றைய வடிவம் பட்டாவுக்குச் சமானம். எந்த வரியை, எந்தத் தேதியில், யார், என்ன காரணத்துக்காக மாற்றினார் என்று ‘கமிட்’ என்னும் பதிவு பதிவாகச் சேர்ந்து கிடக்கிற சரித்திரமே அதன் தாய்ப்பத்திரம்.

சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள ஸ்தாபனங்களுக்காக இங்கே வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிற இளைஞர்கள் நம் பக்கத்தில் இப்போது பெருகி வருகிறார்கள். அவர்களில் ஒருவர், பல வருஷங்களாக ஒரு சர்வரில் இருந்த திட்டங்களை வேறொரு சர்வருக்கு மாற்றும் பணியை முடித்துவிட்டு வந்து என்னிடம் வருத்தத்தோடு சொன்னார்: “அண்ணாச்சி, கோடு பூராம் அரை மணி நேரத்துல போயிட்டு, எதுக்காக அப்படி எழுதுனோம்ங்கிறதுதான் பின்னால வரல.” இந்தத் தொழிலின் ஒரு பெரிய விஷயத்தை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார் என்றே நினைக்கிறேன்.

இடம் மாற வேண்டிய அவசியம் எல்லோருக்கும் ஒரு நாள் வந்தே தீருகிறது. 2006-ஆம் வருஷம் கூகுள் ஸ்தாபனம் திறந்துவைத்த ‘கூகுள் கோடு’ என்னும் இலவச இடத்தை நம்பி, உலகமெங்கும் லட்சக்கணக்கான திட்டங்கள் குடியேறின. தமிழர்கள் பலர் கம்ப்யூட்டரில் முதன்முதலாகத் தமிழ் எழுதக் கற்றுக்கொண்ட இ-கலப்பையின் மூலநிரலும் அங்கே ஓர் இடம் பிடித்திருந்தது. 2015 மார்ச்சில் கூகுள் கோடை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. அவ்வருஷம் ஆகஸ்டோடு அங்கே புதிதாக எதையும் எழுதுவதற்கில்லை என்றாயிற்று. 2016 ஜனவரியில் கதவு அடைபட்டது. தமிழா குழுவினரின் இ-கலப்பை இன்று ‘கிட்ஹப்’ என்னும் வேறொரு நிரல் தளத்தில் பத்திரமாக இருக்கிறது. ஆயினும், ஆசிரியர் வேறு வேலைக்குப் போய்விட்டதாலோ அறிவிப்பைக் கவனியாததாலோ மாற்றப்படாமல் நின்றுபோன திட்டங்கள், கூகுள் விட்டுவைத்த காப்பகப் பக்கங்களில் ஒருவராலும் திருத்த முடியாத பழம் பிரதிகளாகவே இருக்கின்றன.

நிரலை மாத்திரம் மாற்றுவது இக்காலத்தில் பெரிய பிரயத்தனம் அல்ல. லினக்ஸ் திட்டத்தார் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்னும் நிரல்-சரித்திர மென்பொருளின் இலவச அனுமதி திரும்பப் பெறப்பட்டதால் 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய ‘கிட்’ என்னும் மென்பொருள், ஒவ்வொருவர் கணினியிலும் முழுச் சரித்திரத்தையும் வைத்துவிடுகிறது. ‘மிரர்’ முறையில் ஒரு பிரதி எடுத்துப் புதிய சர்வருக்குத் தள்ளினால், கிளைகளான பிராஞ்சுகளும் அடையாளக் குறிகளான டேகுகளும் அப்படியே போய்ச் சேர்ந்துவிடும். ஒவ்வொரு கமிட்டின் அடையாள எண்ணும், அதன் உள்ளடக்கத்தையும் அதற்கு முந்திய கமிட்டையும் கொண்டே கணக்கிடப்படுவதால், இரண்டு சர்வரிலும் அந்த எண்கள் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்த மாத்திரத்தில், வழியில் எதுவும் சிதையவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொள்ளலாம்.

அதே வேலையைச் செய்யும் பழைய மென்பொருளான சப்வெர்ஷனிலிருந்து கிட்டுக்கு வருகிறவர்களின் சிரமம் வேறு. சப்வெர்ஷன் பயனர் பெயரை மட்டும் குறித்துவைக்கிறது. கிட்டுக்கோ முழுப்பெயரும் மின்னஞ்சலும் வேண்டும். ஆகவே, எப்போதோ வேலையை விட்டுப் போனவர்களையெல்லாம் நினைவுபடுத்தி ஒரு ஜாபிதா தயாரிக்க வேண்டியிருக்கிறது. ஜிசிசி கம்பைலர் திட்டத்தார் சுமார் 2,80,000 மாற்றங்கள் கொண்ட தங்கள் சரித்திரத்தை 2020 ஜனவரியில் கிட்டுக்குக் கொண்டுவந்தபோது, அதற்கு உதவிய ‘ரெப்போசர்ஜன்’ என்னும் கருவியையே வேகம் போதாமல் வேறொரு மொழியில் திருப்பி எழுத நேர்ந்தது. பழையதை ஒதுக்கிவிட்டு இன்றைய பிரதியோடு புதுக்கணக்குத் தொடங்கலாமே என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அவர்கள் அப்படிச் செய்யாததற்காக அவர்களை நான் மனப்பூர்வமாக வணங்குகிறேன்.

அந்த இளைஞர் வருந்தியது இதற்கெல்லாம் அப்பாற்பட்ட விஷயம். ஒருவர் பிழையைச் சுட்டிக்காட்டி ‘இஷ்யூ’ பதிவதும், மற்றொருவர் திருத்தம் அனுப்புவதும், மூன்றாமவர் ஆட்சேபம் தெரிவிப்பதும், கடைசியில் ஒரு முடிவுக்கு வருவதுமாகிய சம்பாஷணை முழுவதும், கிட்டுக்குள் அல்ல, அந்தந்த ஸ்தாபனத்தின் சர்வரில் இருக்கிறது. அதை மாற்றுகிறபோது இஷ்யூக்களின் எண்கள் மாறிவிடுவதுண்டு. அப்போது, ‘இன்ன எண் பிழை தீர்ந்தது’ என்று கமிட்டில் எழுதிய குறிப்பு வேறெதையோ சுட்டிக்கொண்டு நிற்கிறது. பலர் எழுதிய கருத்துகள், மாற்றிய ஒருவரின் பெயரிலேயே வந்து சேர்ந்துவிடுவதும் உண்டு. பைத்தான் மொழியின் மூலநிரல் 2017 பிப்ரவரியில் கிட்ஹப்புக்குப் போயிற்று. அதன் பிழைப் பதிவேடு போய்ச் சேர்ந்ததோ 2022 ஏப்ரலில். உலகத்தின் தலைசிறந்த நிபுணர்கள் கூடியிருக்கும் அந்தத் திட்டத்துக்கே இரண்டுக்கும் இடையில் ஐந்து வருஷங்கள் கழிந்தன என்றால், நாலைந்து பேர் ஓய்வு நேரத்தில் நடத்தும் தமிழ்த் திட்டங்கள் எவ்வளவு முன்யோசனையோடு இருக்க வேண்டும்!

ஒரே ஸ்தாபனத்தின் இடத்தை நம்பியிருப்பதில் உள்ள அபாயம், அது மூடப்படுவது ஒன்றுதான் என்றும் எண்ணிவிடக் கூடாது. 2014 டிசம்பரில் நம் அரசாங்கத்தின் உத்தரவால் தடுக்கப்பட்ட 32 இணைய முகவரிகளில் துண்டு நிரல்களைப் பகிரும் கிட்ஹப்பின் ‘ஜிஸ்ட்’ பகுதியும் இருந்தது. 2019-இல் அமெரிக்கத் தடைச் சட்டங்களை முன்னிட்டு ஈரான், சிரியா, கிரிமியா ஆகிய இடங்களில் இருந்தவர்களின் கிட்ஹப் கணக்குகள் கட்டுப்படுத்தப்பட்டன. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் திட்டத்தார் 2018-இல் தங்கள் பழைய நிரல் தளமான ‘அலியோத்’தை மூடிவிட்டு, கிட்லேப் மென்பொருளைத் தங்கள் சொந்த சர்வரிலேயே நிறுவி ‘சல்சா’ என்று பெயரிட்டு நடத்திவருவது, இவ்விஷயத்தில் மெச்சத்தக்க வழி. அவ்வளவு சக்தி நம்மிடம் இல்லாவிட்டாலும், பாரிஸில் பிரெஞ்சு ஆராய்ச்சி ஸ்தாபனமான இன்ரியா 2016-இல் தொடங்கிய ‘சாஃப்ட்வேர் ஹெரிடேஜ்’ என்னும் காப்பகத்தில் ‘ரெப்போ’ எனப்படும் நிரல் களஞ்சியத்தின் முகவரியைக் கொடுத்தால், அதன் சரித்திரத்தோடு ஒரு பிரதியை அவர்கள் இலவசமாகவே எடுத்துவைக்கிறார்கள். கூகுள் கோடில் கிடந்தவற்றுள் பெரும் பகுதியைக் காப்பாற்றியதும் அவர்களே. இஷ்யூ சம்பாஷணைகளைத் தனியே இறக்கி, ரெப்போவுக்குள்ளேயே ஒரு கோப்பாக இட்டுவைக்கும் கடமை மாத்திரம் நம்முடையது.

கோவில்பட்டியில் 1984 முதல் நடந்துவரும் நேஷனல் பொறியியல் கல்லூரியிலும், சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலும் படித்துக்கொண்டே தமிழுக்காக நிரல் எழுதுகிற பிள்ளைகளிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். ‘சிறு திருத்தம்’ என்று இரண்டு சொற்களில் கமிட் செய்தியை முடித்துவிடாதீர்கள். என்ன பிழை, எந்த வழிகளை யோசித்தீர்கள், இந்த வழியை ஏன் எடுத்தீர்கள் என்று நாலு வரி அதிலேயே எழுதிவையுங்கள். எந்த சர்வரிலிருந்து எந்த சர்வருக்கு மாறினாலும், அந்த நாலு வரி நிரலோடு கூடவே வரும். அதைத் தமிழில் எழுதினாலும் கிட் அப்படியே ஏற்றுக்கொள்கிறது.