கோடையில் பூட்டிய அலமாரி

விடுமுறையில் பிள்ளைகள் கதைப் புத்தகம் படிக்கட்டும் என்றால் அருப்புக்கோட்டைத் தறிக்காரர்களும் திருச்சுழிப் பக்கத்து மானாவாரி விவசாயிகளும் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். வெயிலில் அலையாமல், செல்போனை நோண்டாமல் இருந்தால் சரி. ஆனால், புத்தகத்துக்கு எங்கே போவது?

நியாயமான கேள்வி.

ஆறு முதல் ஒன்பதாம் வகுப்புவரைக்கான ‘தேன்சிட்டு’ இதழைப் பள்ளிக்கல்வித் துறை 2022இல் தொடங்கியது. 2023இல் வாசிப்பு இயக்கம் வந்தது: நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளில் சிறு நூல்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கும் அதில் இடமுண்டு. பள்ளியைப் பூட்டினால் அவையும் உள்ளேதான்.

விடுமுறை வாசிப்பைக் கட்டாயமாக்கி, கதைச் சுருக்கம் கேட்டு, மதிப்பெண் போட்டால் அது இன்னொரு வீட்டுப்பாடம். அதற்குப் பதில், ஆசிரியர்களே, கடைசி வேலைநாளில் ஆளுக்கு மூன்று புத்தகம் கொடுத்தனுப்புங்கள். அடுத்த தெருப் பிள்ளையோடு மாற்றிப் படிக்கட்டும். ஜூனில் கிழிந்து வந்தாலும் காசு கேட்காதீர்கள்.