ஏழாம் மாசமும் ஒரு சர்க்கரைச் சோதனையும்

வளைகாப்புக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிற வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். பெண்ணை ஊருக்கு ரயிலேற்றுமுன் பத்து நிமிஷம் ஒதுக்கிப் படித்துவிடுங்கள்.

வங்கிக்காரனுக்குப் பிரசவ விஷயத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் நான் சொல்ல வருவது மருத்துவம் இல்லை, கணக்கு. ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கு மாற்றிய கணக்கு நடுவழியில் எப்படித் தொங்கிப்போகும் என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். கர்ப்பகாலத்தில் வரும் சர்க்கரையும் வெளியூரில் இருக்கிற நம் குடும்பங்களில் அப்படித்தான் தொங்கிப்போகிறது.

நான் இருப்பது பாலராமபுரத்தில். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் போகிற சாலையில், நெய்யாற்றின்கரைக்குக் கொஞ்சம் முன்னால். இரண்டு நூற்றாண்டுக்கு முன்னால் திருவிதாங்கூர் ராஜா பாலராமவர்மா காலத்தில் தமிழ்ப்பக்கத்திலிருந்து வந்த சாலியர் குடும்பங்கள் தறி போட்ட ஊர். நெசவுத் தெருக்களில் இன்றைக்கும் தமிழ் காதில் விழும். பாறசாலை தாண்டினால் களியக்காவிளை, தமிழ்நாடு வந்துவிடும். ஆனால் என்னைப்போல் கும்பகோணம் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவனுக்குச் சொந்த ஊர் நானூறு கிலோமீட்டருக்கு மேல்.

எங்களோடு தம்பியும் தம்பி மனைவியும் இருக்கிறார்கள். அவளுக்குத் தலைப்பிரசவம். 25-வது வாரத்தில் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். 158 வந்தது. 140-க்குள் இருக்க வேண்டும். அன்றைக்கு ராத்திரி அவள் கேட்டது ஒரே கேள்விதான்: "நான் என்ன தப்பு செஞ்சேன்?"

ஒரு தப்பும் செய்யவில்லை. கர்ப்பத்தின் பிற்பாதியில் நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை முழுசாக வேலை செய்யவிடாது. இது எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் நடப்பதுதான். கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டிவிடும். சிலருக்கு அந்த ஈடு போதாமல் போகிறது, அவ்வளவுதான். அம்மா ரத்தத்தில் இருக்கும் கூடுதல் சர்க்கரை குழந்தைக்குப் போகும். அம்மாவின் இன்சுலின் போகாது. குழந்தையின் கணையம் தானே நிறைய இன்சுலின் சுரக்கும், குழந்தை அளவுக்கு மேல் பெருக்கும், பிறந்தவுடன் அதன் சர்க்கரை சட்டென்று இறங்கக்கூடும். பயப்பட வேண்டியது இதற்குத்தான். "குழந்தை சர்க்கரை வியாதியோடு பிறக்கும்" என்று பக்கத்து வீட்டில் சொல்வதற்கு இல்லை.

ஆனால் சொல்கிறார்களே! ஊரிலிருந்து ஒரு போன்: "கல்யாணத்துக்கு முன்னாடியே இனிப்பு நிறையத் தின்பாளே". இன்னொரு போன்: "சோற்றையே நிறுத்து, கோதுமை மட்டும் கொடு". மூன்றாவது: "வயித்துப் பிள்ளைக்காரியைப் பட்டினி போடாதீங்க, ரெண்டு பேருக்குச் சாப்பிடணும்". தெருவில் ஒரு பாட்டி, அன்பாகத்தான், "மக்களே, ஒரு மட்டிப்பழம் தின்னு, ஒண்ணும் செய்யாது" என்று கையில் திணிக்கிறார். இத்தனைக்கும் நடுவில் ஆஸ்பத்திரியில் கொடுத்த உணவுப் பட்டியல் மலையாளத்தில் இருக்கிறது. நடுவில் நிற்கிற பெண்ணுக்குச் சர்க்கரையைவிடக் குழப்பம்தான் அதிகமாக ஏறும்.

"எங்க காலத்துல இந்த டெஸ்ட் எல்லாம் ஏது? சோதனை பண்ணிப் பண்ணியே பொண்ணுங்களைப் பயமுறுத்துறாங்க" என்று பெரியவர்கள் சொல்வதை நான் தள்ளிவிட மாட்டேன். பயம் உண்மைதான். ஆனால் அதற்கு மருந்து சோதனையை விடுவதா? 2005-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஓர் ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. கர்ப்பகாலச் சர்க்கரை இருந்த ஆயிரம் பெண்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு உணவு ஆலோசனை, வீட்டிலேயே சர்க்கரை பார்ப்பது, தேவைப்பட்டால் இன்சுலின். மற்றதற்கு வழக்கமான கவனிப்பு. குழந்தைக்குப் பெரிய ஆபத்து வந்தது இரண்டாவது பிரிவில் நூற்றுக்கு 4, முதல் பிரிவில் 1. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. பிரசவமாகி மூன்று மாசம் கழித்துக் கேட்டபோது, முதல் பிரிவில் மனச்சோர்வு இருந்தவர்கள் மற்றவர்களில் ஏறக்குறைய பாதிதான். அதாவது விரலைக் குத்திக் குத்திப் பார்த்தவர்கள்தான் நிம்மதியாக இருந்திருக்கிறார்கள். கவலையைக் கூட்டுவது எண் இல்லைங்க. எண்ணைப் பார்த்துவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் தனியாக விடப்படுவதுதான். அந்த முதல் பிரிவிலும் இன்சுலின் தேவைப்பட்டது ஐந்தில் ஒருவருக்குத்தான்.

இதில் நாம் பெருமைப்படவும் இடம் இருக்கிறது. சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரத்தில் ஒரே ஒரு தடவை ரத்தம் பார்க்கும் எளிய முறையை இந்தியாவில் நிலைநாட்டியவர் சென்னை டாக்டர் வி. சேஷய்யா. வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் கிராமத்துக் கர்ப்பிணி திரும்ப வரமாட்டாள் என்று யோசித்துச் செய்த முறை அது. 2007-ல் தமிழக அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனையைக் கொண்டுவந்தது. பிறகு மத்திய அரசின் வழிகாட்டுதலிலும் அதுவே வந்தது. முதல் தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஒன்று, சரியாக இருந்தால் 24-லிருந்து 28 வாரத்துக்குள் மறுபடி ஒன்று.

இந்த 24-28 வாரம் எப்போது வருகிறது? சரியாக ஏழாம் மாசம் பிறக்கிற சமயத்தில். நம் வீடுகளில் வளைகாப்பு நடக்கிற, பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புகிற அதே சமயத்தில்! மலையாளிகளிடமும் ஏழாம் மாசம் கூட்டிக்கொண்டு போகிற வழக்கம் உண்டு, ஆனால் அவர்களுக்குத் தாய்வீடு பெரும்பாலும் பக்கத்து ஊர். நம் பெண்ணோ மாநிலம் விட்டு மாநிலம் போகிறாள். இங்கே உள்ள டாக்டர் "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளட்டும்" என்று நினைக்கிறார். அங்கே உள்ளவர் "அங்கேயே பார்த்திருப்பார்கள்" என்று நினைக்கிறார். எங்கள் பாஷையில் சொன்னால், பற்று வைத்தாயிற்று, வரவு வைக்கவில்லை.

அதனால் தாய்வீட்டுக்கு அனுப்பாதீர்கள் என்று சொல்கிறேனா? இல்லவே இல்லை. முதல் பிரசவத்துக்கு அம்மா பக்கத்தில் இருப்பதைவிடப் பெரிய மருந்து கிடையாது. நான் கேட்பது மூன்றே மூன்று.

ஒன்று, வளைகாப்புக்கு நாள் குறிக்குமுன் சோதனைக்கு நாள் குறியுங்கள். முடிவு கையில் வந்த பிறகு ரயில் டிக்கெட் போடுங்கள். வளைகாப்பையும் விட வேண்டாம். எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல் என்று கட்டுசாதம் அத்தனையும் அரிசிதான். வந்தவர்கள் சாப்பிடட்டும். அவளுக்கு ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன், கூடவே சுண்டல், காய், மோர். "இன்னைக்கு ஒரு நாள்தானே" என்று யாரும் வற்புறுத்தாமல் பார்த்துக்கொள்வது மாமியார், மாமனார் பொறுப்பு.

இரண்டு, கோப்பு அவளோடு போகட்டும். எந்தத் தேதியில் என்ன அளவு, குளுக்கோமீட்டர் நோட்டு, மருந்தின் பெயரும் அளவும், ஸ்கேன் ரிப்போர்ட்டுகள், இங்கே பார்த்த டாக்டரின் எண். எல்லாவற்றுக்கும் ஒரு நகல் கணவனிடம். தமிழ்நாட்டில் பிரசவம் என்றால் பிக்மி பதிவு எண் கேட்பார்கள். தாய்வீட்டுப் பக்கத்துக் கிராம சுகாதார செவிலியரிடம் முன்னாலேயே சொல்லிவைத்தால் கடைசி நேர அலைச்சல் மிச்சம்.

மூன்று, அவளுக்கென்று தனிச் சமையல் வேண்டாம், வீட்டுச் சமையலே மாறட்டும். எல்லோரும் அப்பளத்தோடு குவித்த சோறு சாப்பிட, ஒருத்தி மட்டும் ஓரமாக ஓட்ஸ் குடித்தால் அது பத்தியம் இல்லை, தண்டனை. சோற்றை நிறுத்த வேண்டியதில்லை, குறைத்தால் போதும். தட்டில் பாதி காய், கால் பாகம் பயறோ முட்டையோ மீனோ, மீதிக் கால் சோறு. இந்த ஊரில் சாளை மீனும் சிறுபயறும் மலிவு, புட்டுக்குப் பயறு இங்கேயே உள்ள ஜோடி. மரச்சீனிக் கிழங்கும் பழுத்த ஏத்தம்பழமும் அளவோடு. பழத்தைப் பழமாகத் தின்னலாம், ஜூஸ் ஆகாது. சத்துமாவு, பானப் பொடி என்று டப்பாவில் வருவதில் சர்க்கரை எவ்வளவு என்று பார்த்து வாங்குங்கள்.

"ரெண்டு பேருக்குச் சாப்பாடு" கணக்கையும் பார்த்துவிடலாம். நாலாம் மாசத்துக்கு மேல் கர்ப்பிணிக்குக் கூடுதலாக வேண்டியது நாளுக்குச் சுமார் 350 கலோரி. மூன்று இட்லி, சாம்பார், ஒரு தம்ளர் பால் என்றால் கிட்டத்தட்ட முடிந்தது :-) அதற்காகப் பட்டினியும் கூடாது. மூன்று வேளை, இடையில் இரண்டு மூன்று சிறு தீனி. காலையில் இன்சுலின் எதிர்ப்பு அதிகம் என்பதால் காலைப் பலகாரம் குறைவாக. சாப்பிட்டபின் கால் மணி நேரம் வாசலில் நடை, கணவனும் கூட நடக்கலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

வெறும் வயிற்றில் 95-க்குள், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குள் என்பது பொதுவான இலக்கு. ஒரு நாள் 131 வந்தால் அது தேர்வில் தோல்வி இல்லை. முந்தின வேளை என்ன சாப்பிட்டாள் என்று குறித்துவைத்து, ஒரு வாரப் போக்கைப் பாருங்கள். உணவை மாற்றி இரண்டு வாரமாகியும் இறங்கவில்லை என்றால் டாக்டர் மருந்து சொல்வார். இன்சுலின் என்றதும் அலற வேண்டாம். அது குழந்தைக்குப் போகாத மருந்து.

பிரசவம் ஆனதும் பெரும்பாலும் சர்க்கரை இறங்கிவிடும், எல்லோரும் மறந்தும்விடுவார்கள். கணக்கு இரண்டாம் தடவை தொங்குவது அங்கேதான். ஆறு வாரம் கழித்து இதே குளுக்கோஸ் சோதனை ஒன்று இருக்கிறது. அப்போது அவள் தாய்வீட்டில் கைக்குழந்தையோடு இருப்பாள். குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போடப் போகிற அன்றே அம்மாவுக்கும் பார்த்துவிடச் சொல்லுங்கள். இந்தச் சர்க்கரை வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஏழு மடங்குக்கு மேல் என்று 2009-ல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. இங்கே கேரளத்தில் பெரியவர்களில் நூற்றுக்கு 25 பேருக்கு மேல் நீரிழிவு என்பது 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின் கணக்கு. ஆகவே வீட்டுச் சமையலை மாற்றுவது அவளுக்காகச் செய்கிற தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். மாமனாரும் கணவனும் சேர்ந்துதான் பிழைக்கப் போகிறார்கள்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. அளவும் மருந்தும் உங்கள் டாக்டர் சொல்வதுதான். ரயிலில் ஏறும்போது கோப்பு கைப்பையில் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் உங்கள் வேலை.