கலங்கிய படம் மறைந்த படமாகுமா?

சென்ற வாரம் ஆய்வகத்தில் செய்து பார்த்த ஒரு சோதனையை இங்குப் பகிர விரும்புகிறேன். காணொளிச் சுருக்கத்தில் ஆய்வு செய்வோர் நன்கறிந்த பழைய மாதிரிக் காணொளி ஒன்றுண்டு: 'ஃபோர்மேன்'. வெள்ளைத் தலைக்கவசம் அணிந்த ஒருவர் கட்டுமான இடத்தில் நின்று பேசுவார். அதை எச்.264 முறையில் சுருக்கும்போதே, குணகங்களின் கூட்டல் கழித்தல் குறிகளை மட்டும் மறையாக்கம் செய்தேன். திரையில் வெறும் வண்ணக் குழப்பமே வந்தது. பிறகு ஒவ்வொரு 4×4 கட்டத்திலும் பூச்சியமல்லாத குணகங்கள் எத்தனை என்று எண்ணி, எண்ணிக்கை மிகுந்த இடங்களைக் கருமையாகத் தீட்டினேன். 88×72 புள்ளிகள் கொண்ட சிறுபடம். அதில் தலைக்கவசத்தின் விளிம்பும் தோள்களும் தெரிந்தன. சாவி எதுவும் தேவைப்படவில்லை.

இதில் வியப்பில்லை. குறிகள் இரண்டும் ஏறத்தாழச் சமவாய்ப்புடன் வருவதால் அவற்றைச் சுருக்க இயலாது. ஆகவேதான் அவற்றை மாற்றினாலும் கோப்பின் அளவு கூடுவதில்லை. சாதாரணக் காணொளி இயக்கியும் தடுமாறாமல் ஓடுகிறது. இந்த அழகில் மயங்கித்தான் நம்மில் பலர் இத்துறைக்கு வந்தோம். ஆனால் இயக்கி தடுமாறாமல் ஓடுகிறது என்றால், எஞ்சிய அனைத்தும் திறந்தே கிடக்கிறது என்றுதானே பொருள்?

இந்தப் பாடம் புதிதுமன்று. முழுச் சட்டகங்களை மட்டும் மறைத்தால் போதாது, இடைச் சட்டகங்களுக்குள்ளும் தனித்து நிற்கும் கட்டங்கள் காட்சியைக் காட்டிக்கொடுக்கும் என்று 1996இலேயே ஆகியும் காங்கும் எழுதிவிட்டனர். இன்றும் நம் கட்டுரைகளில் சிதைந்த படம் ஒன்றை ஒட்டி, பி.எஸ்.என்.ஆர் 10 டெசிபலுக்குக் கீழே இறங்கியது என எழுதி, 'பாதுகாப்பானது' என்று முடிக்கிறோம். அந்த அளவை படத்தின் தரத்தைச் சொல்லும். எதிரியின் திறனைச் சொல்லாது.

பகுதி மறையாக்கமே வீண் என்று நான் வாதிடவில்லை. கட்டணம் செலுத்தாதவர் கிரிக்கெட்டை இரசிக்க முடியாமற் செய்வதற்கு அது தாராளம். இணைய ஒளிபரப்பில் வழங்கும் 'சிபிசிஎஸ்' முறை, வழக்கமாகப் பத்துத் தொகுதிகளில் ஒன்றை மட்டுமே மறைக்கிறது, வணிகம் நடக்கிறது. சாவியில்லாத இடைநிலைக் கணினி காணொளியைக் கையாள வேண்டிய இடங்களிலும் அதற்கு வேலை உண்டு. ஆனால் மகளிர் விடுதித் தாழ்வாரக் கேமராவும் நோயாளியின் உள்நோக்கிப் பதிவும் வேறு வகை. அங்கே படம் கலங்கினால் போதாது. யாரோ ஒருவர் நடந்து போனார் என்பதே தெரியக் கூடாது. முழு மறையாக்கம் கணினிக்குப் பெருஞ்சுமை என்ற பழைய காரணமும், செயலிகளிலேயே ஏ.இ.எஸ். கட்டளைகள் வந்தபின் பெரும்பாலும் செல்லாது.

என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் இத்தகைய மருத்துவக் காணொளிகளைப் பற்றியது. அதன் தலைப்பிலிருந்து 'பாதுகாப்பான' என்ற சொல்லை நேற்று நீக்கிவிட்டேன். நெறியாளர் இன்னும் ஒப்பவில்லை. திங்களன்று அந்தச் சிறுபடத்தை எடுத்துச் செல்கிறேன்.