இழுக்காத வலிப்பு

தலையில் அடிபட்டு நினைவிழந்து கிடப்பவருக்குக் கைகால் இழுக்கவில்லை. ஆகவே வலிப்பில்லை என்று சொல்லிவிடலாமா? கூடாது என்கிறோம்.

வலிப்பு ஒளிந்திருக்குமோ என்ற ஐயத்தில் நியூயார்க் டாக்டர்கள் 570 நோயாளிகளின் மூளை மின்னலைகளை இடைவிடாது பதிவு செய்தனர். 2004-ல் வெளியான முடிவு என்ன? 110 பேருக்கு வலிப்பு. அவர்களில் 101 பேருக்குக் கைகால் இழுப்பே கிடையாது! வலிப்புற்றோரில் நூற்றுக்கு 88 பேர் முதல் 24 மணி நேரத்துக்குள் அகப்பட்டனர். மற்றவர்களுக்கு அதுவும் போதவில்லை. அரைமணிப் பரிசோதனை எம்மட்டு?

இயந்திரம் தானாக வைத்தியம் பார்க்காது. நள்ளிரவில் அந்தக் கோடுகளைப் படிக்கப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். ஆள் சம்பளத்தை மிச்சம் பிடிக்கும் நிர்வாகத்தின் கையில் அது அலங்காரப் பெட்டி. மந்திரிகளின் திறப்பு விழாவுக்கு உதவும்! இயந்திரத்துக்குப் பணம் ஒதுக்கும் எந்த சர்க்காரும் மூன்று ஷிப்டுக்கும் ஆளை நியமித்தாக வேண்டும்.