உறைந்த கோழியும் பட்டாசுக் கூலியும்

2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஓட்டல் ஷவர்மா தின்ற 14 வயதுச் சிறுமி மாண்டாள். பலர் ஆஸ்பத்திரியில் படுத்தனர். அது நமக்கும் எச்சரிக்கை.

இன்று சிவகாசிக் கடைகளிலும் உறைந்த கோழித்துண்டுப் பொட்டலம் கிடைக்கிறது. குளிர்ப்பெட்டி கிருமியைக் கொல்வதில்லை, தூங்க வைக்கிறது. மேலே சிவந்தாலும் உள்ளே வேகாத கறியில் சால்மனெல்லாக் கிருமி உயிரோடிருக்கும். நடுக்கறி வரை 74 டிகிரி சூடேற வேண்டும்.

ஆனால் விடியுமுன் பஸ் ஏறும் பட்டாசுத் தொழிலாளிப் பெண்ணுக்கு அடுப்படியில் நிற்க நேரமேது? வயிற்றுப்போக்கில் படுத்தால் அன்றைய கூலியும் போச்சு! அவளுக்கு உபதேசம் மட்டும் போதுமா?

250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் காண்டீன் வேண்டுமென்று 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. சிறு ஆலைத் தொழிலாளிக்கு மட்டும் வயிறு இல்லையா? எல்லா ஆலையிலும் சூடான சோறு கேட்போம். அது சலுகையல்ல, உரிமை!