மூலைக்கு மூலை எத்தனை அடி?

மனை வாங்குவதென்றால் வீட்டில் எத்தனை விசாரணை நடக்கிறது! தண்ணீர் எப்படி, பள்ளிக்கூடம் பக்கமா, கிழக்குப் பார்த்த வாசலா என்று எல்லாவற்றையும் கேட்கிறோம். “நாற்பதுக்கு அறுபது, சுளையாக ஒரு கிரவுண்டு” என்று தரகர் சொன்னதும் மட்டும் தலையை ஆட்டிவிடுகிறோம்.

நாடா பிடித்துப் பக்கங்களை அளந்தால் 40, 60 சரியாகவே இருக்கலாம். ஆனால், ஆணி தளர்ந்த படச் சட்டத்தைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். நான்கு சட்டங்களின் நீளமும் மாறாது. உள்ளே இருக்கும் இடம் குறைந்துவிடும். மனையும் அப்படித்தான். ஆகவே, மூலைக்கு மூலை குறுக்கேயும் அளக்க வேண்டும்.

இரண்டு குறுக்களவும் சமமாக இருந்தால் போதாதா என்பீர்கள். போதும்தான். ஆனால், ஒரு பக்கம் கிணறோ புதரோ மறித்தால்? ஒன்றை மட்டும் அளந்து சரிபார்க்க, அது எவ்வளவு இருக்க வேண்டும் என்று தெரிய வேண்டும். 40ஐ 40ஆல் பெருக்கினால் 1600. 60ஐ 60ஆல் பெருக்கினால் 3600. கூட்டினால் 5200. இதன் வர்க்கமூலமே விடை.

“வர்க்கமூலமா!” என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கைபேசியில் அந்தக் குறியைத் தேடுவதற்குள் மனசிலேயே போட்டுவிடலாம். உத்தேசமாக 70 என்று வைத்துக்கொள்ளுங்கள். 5200ஐ 70ஆல் வகுத்தால் 74.29. உத்தேசம் குறைவானால் ஈவு கூடுதலாக வரும்; உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கும். 70ஐயும் 74.29ஐயும் கூட்டிப் பாதியாக்கினால் 72.14. சரியான விடை 72.11. அரை அங்குலம்கூடப் பிசகவில்லை! இன்னும் நுட்பம் வேண்டுமானால், 72.14ஐ வைத்து மறுபடி ஒரு முறை வகுத்துப் பாதியாக்கினால் போதும்.

கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியாவில் வாழ்ந்த ஹீரோன், ‘மெட்ரிக்கா’ என்ற நூலில் 720க்கு இப்படித்தான் மூலம் கண்டார். 27இல் தொடங்கி, வகுத்து, பாதியாக்கி, 26⅚ என்றார். எதற்காகத் தெரியுமா? 7, 8, 9 அளவுள்ள முக்கோணத்தின் பரப்பை அறிவதற்காக!

அவர் வழி நம் மனைக்கும் உதவும். குறுக்களவு 72க்குப் பதில் 60தான் இருக்கிறது என்று வையுங்கள். எதிர்ப்பக்கங்கள் சமமானால், மனை 40, 60, 60 அளவில் இரண்டு முக்கோணமாகிறது. மூன்று பக்கத்தையும் கூட்டிப் பாதியாக்கினால் 80. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 40, 20, 20. நான்கு எண்களையும் பெருக்கினால் 12,80,000. இதன் வர்க்கமூலம் 1131.37, அதுவே ஒரு முக்கோணத்தின் பரப்பு. இரண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 2263 சதுர அடி.

கிரவுண்டுக்கு 2400 அல்லவா? 137 சதுர அடி, அதாவது ஒரு படுக்கையறை அளவு இடம், காணாமல் போயிருக்கிறது. பணம் மட்டும் முழுசாகப் போகும்.

மனை பார்க்கப் போகும்போது கைப்பையில் ஒரு நாடாவும் பென்சிலும் இருக்கட்டும். பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு கணக்குச் சரியாக வந்து என்ன பயன்?