எரியாத சிவப்பு விளக்கு

காட்டைக் காப்பது ஓர் இலாகாவின் வேலை, மலையில் வாழும் ஜனங்களுக்குத் தொலைபேசி வசதி செய்து கொடுப்பது வேறோர் இலாகாவின் வேலை என்று நமது சர்க்கார்கள் வெகுகாலமாகப் பிரித்து வைத்திருக்கின்றன. பிரித்து வைத்ததோடு நில்லாமல், முன்னது பின்னதற்கு இடையூறு, பின்னது முன்னதற்கு ஆபத்து என்ற ஒருவித விரோத பாவத்தையும் இரண்டுக்கும் நடுவே வளர்த்துவிட்டிருக்கின்றன. டவர் நாட்ட அனுமதி கேட்டு ஒரு கோப்பு போகிறது. மரம் வெட்டப்படுமே என்ற ஆட்சேபத்தோடு அது திரும்பி வருகிறது. இரு தரப்பிலும் நியாயம் உண்டு என்று பத்திரிகைகள் தலையங்கம் எழுதுகின்றன. இந்த வழக்கைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள், ஆனைமலைமீது ஏறி வால்பாறைக்குப் போவார்களானால், அங்கே இவ்விரண்டும் ஏகதேசம் ஒரே காரியமாக நடந்து வருவதைக் கண்டு சற்றுத் திகைக்கவே செய்வார்கள்.

ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் காணக்கிடைக்கிற அந்தப் பீடபூமியின் விஸ்தீரணம் சுமார் 220 சதுர கிலோமீட்டர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் வந்து மழைக்காட்டை அழித்துத் தேயிலையும் காப்பியும் பயிரிடத் தொடங்கியபோது, அவர்கள் கை படாமல் தப்பிய செங்குத்தான சரிவுகளும் ஓடைக்கரைகளும் இன்று சோலைத் துண்டுகளாகத் தேயிலைக்கு இடையிடையே கரும்பச்சையாக நின்றுகொண்டிருக்கின்றன. ஒருபுறம் ஆனைமலைப் புலிகள் காப்பகம், மற்றொருபுறம் கேரளத்தின் பரம்பிக்குளமும் வாழச்சாலும், நடுவே தேயிலை, தேயிலைக்கு நடுவே லைன் வீடுகளில் தொழிலாளர்கள். யானைகள் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகிற பழைய வழிகள் இந்தத் தோட்டங்களின் ஊடேதான் செல்கின்றன. வருஷத்தில் ஏறத்தாழ நூறு யானைகள் இந்தப் பீடபூமியைப் பயன்படுத்துகின்றன என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அவை ‘ஊருக்குள் புகுந்தன’ என்று நாம் செய்தி எழுதுவது, வழிநடையில் வீடு கட்டிக்கொண்டு வழிப்போக்கரைத் திருடன் என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

1940களில் அந்தத் தோட்டங்களில் வைத்தியராக இருந்த டாக்டர் பி.எச். டேனியல், தாம் அங்கே கண்டறிந்தவற்றைப் பின்னாளில் ஒரு நாவலாக எழுதினார். ‘எரியும் பனிக்காடு’ என்ற பெயரில் தமிழில் வந்திருக்கும் அதனை வாசித்தவர்களுக்கு, மலைமேல் இருந்த கூலி ஜனங்கள் கீழே இருந்த உலகத்தோடு எவ்வளவு தொடர்பற்றுக் கிடந்தார்கள் என்பது விளங்கும். அந்தத் தனிமை தற்செயலாக ஏற்பட்டதென்று நான் நினைக்கவில்லை. முதலாளிகளுக்கு அது மிகவும் சௌகரியமாக இருந்தது. இன்று அதனால் யாருக்கும் லாபமில்லை. ஆயினும் அதன் மிச்சம் இன்னும் முற்றாக நீங்கிவிடவில்லை.

1994 முதல் 2012 வரையுள்ள காலத்தில் ஏறத்தாழ நாற்பது பேர் அந்தப் பீடபூமியில் யானைகளால் உயிரிழந்தார்கள். மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற ஸ்தாபனத்தார் 2002 முதல் இவ்விஷயத்தை ஆராய்ந்து, ஒவ்வொரு சம்பவமும் எங்கே, எந்த வேளையில், எவ்விதமாக நிகழ்ந்தது என்று விசாரித்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர், யானை அருகில் நிற்கிறது என்பதை அறியாமல் அதன் எதிரே போய்விட்டவர்கள். மாலையில் கடைசி பஸ்ஸிலிருந்து இறங்கி, இருட்டில், பனிமூட்டத்தில், இடுப்பளவு தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் லைன் வீட்டை நோக்கி நடந்தவர்களுக்கு, அடுத்த திருப்பத்தில் நிற்பது பாறையா யானையா என்று தெரியவில்லை. தெரிந்தபோது நேரம் கடந்துவிட்டது. இவர்களுடைய மரணத்துக்கு மிருகத்தின் கோபத்தைக் காட்டிலும், ஒரு சமாசாரம் உரிய நேரத்தில் உரிய இடத்துக்கு வந்து சேராமையே பிரதான காரணம் என்று சொல்லிவிடலாம்.

நோய் இன்னதென்று தெரிந்த பிறகு மருந்து தேடுவது அவ்வளவு கஷ்டமாக இல்லை. யானைகள் எங்கே நிற்கின்றன என்பதை உள்ளூர் கேபிள் டெலிவிஷனில் ஓடும் எழுத்துக்களாக மாலைதோறும் அறிவித்தார்கள். 2011ஆம் ஆண்டு முதல், யானை நிற்கும் இடத்துக்கு அண்மையில் குடியிருப்பவர்களுக்கு மட்டும் கைப்பேசியில் குறுஞ்செய்தி அனுப்பலானார்கள். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்காகப் பின்னால் குரல் வழிச் செய்தியும் சேர்ந்தது. இவற்றைவிட எனக்கு விசேஷமாகத் தோன்றியது சிவப்பு விளக்குதான். தூரத்திலிருந்தே தெரியும்படி உயரமான இடத்தில் ஓர் எல்.இ.டி. விளக்கை நிறுத்தி, அதற்குள் ஒரு சிம் கார்டை வைத்துவிட்டார்கள். குறிப்பிட்ட சில பேருடைய கைப்பேசியிலிருந்து அந்த எண்ணுக்கு அழைப்புப் போனால் விளக்கு எரியத் தொடங்கும். பக்கத்தில் யானை இருக்கிறது என்பது அதன் பொருள். முதலில் ஸ்தாபனத்தாரும் காட்டிலாகாக்காரர்களும் செய்துவந்த இந்தக் காரியத்தை, வெகு சீக்கிரத்தில் அந்தந்த இடத்து ஜனங்களே ஏற்றுக்கொண்டார்கள். யானையைக் கண்டவுடன் கல்லெடுத்து ஓடிய காலம் போய், போனை எடுத்து விளக்கை ஏற்றுகிற காலம் வந்தது. இந்த ஏற்பாட்டுக்காக ஆனந்தகுமார் என்ற ஆராய்ச்சியாளருக்கு 2015இல் இங்கிலாந்து நாட்டின் விட்லி விருது அளிக்கப்பட்டது. மரணங்களும் குறைந்தன.

இவ்வளவு சிறப்பாக அமைந்த ஏற்பாட்டில் என்ன குறை இருக்க முடியும் என்ற எண்ணத்தோடு, ஒரு மழைக்கால மாலையில், பஸ் நிறுத்தமொன்றில் ஒதுங்கி நின்ற தோட்டத் தொழிலாளி அம்மாள் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டிருந்த அவர் எதிர்ச்சரிவைக் காட்டிச் சொன்னார்: “சார், லைட்டு எரிஞ்சா கவலையில்ல. சுத்திப் போயிருவோம், இல்லேன்னா நாலஞ்சு பேரு சேர்ற வரைக்கும் நிப்போம். எரியலேன்னாதான் குழப்பம். ஆனை இல்லாம எரியலையா, டவர் இல்லாம எரியலையான்னு யாருகிட்ட போயிக் கேக்குறது?”

இந்த விஷயத்தைப் பற்றி நான் வாசித்த அறிக்கைகளில் எதுவும் இவ்வளவு சுருக்கமாகக் குறையை எடுத்துச் சொல்லவில்லை. எச்சரிக்கை என்பதே இல்லாத காலத்தில் மனிதன் தன் செவியையும் நாசியையும் நாயையும் நம்பி நடந்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று பார்த்தான். எச்சரிக்கை வரும் என்று பழகிவிட்டவனோ, எச்சரிக்கை வராததையே அபயமாக எடுத்துக்கொண்டு விரைந்து நடக்கிறான். ஆகவே, ஒரு மலையில் அரைகுறையாக வந்து போகிற சிக்னலானது, சிக்னலே இல்லாமையைக் காட்டிலும் சில வேளைகளில் அதிக அபாயகரமானது. பட்டணத்தில் இருக்கிற நமக்கு டவர் கிடைக்கவில்லையென்றால் ஒரு பேச்சு பாதியில் அறுபடும். கோபித்துக்கொண்டு மறுபடி கூப்பிடுவோம். அங்கே அதன் விளைவு வேறு.

ஏன் கிடைப்பதில்லை என்று கேட்டால், காரணங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே பார்க்கும்போது நியாயமானவையாகவே தோன்றும். அலை நேர்க்கோட்டில் போக விரும்புகிறது. மலையோ குறுக்கே நிற்கிறது. ஒரு சரிவில் தெளிவாகக் கேட்பது மறு சரிவில் மறைந்துவிடுகிறது. தென்மேற்குப் பருவத்தில், நாட்டிலேயே மிகுந்த மழை பெய்யும் இடங்களில் ஒன்றாகிய சின்னக்கல்லாறு அடங்கிய அந்தப் பிரதேசத்தில், மரம் விழுந்து மின்சாரம் நிற்பது சகஜம். மின்சாரம் நின்றால் டவர் பேட்டரியின் தயவில் சில மணி நேரம் உயிரோடிருந்து பிறகு அடங்கிவிடும். டீசல் கொண்டுபோக வேண்டிய பாதையில் மண் சரிந்திருக்கும். இதற்கெல்லாம் மேலாக, தேயிலைத் தொழிலின் நலிவினால் ஜனங்கள் மலையிறங்கிப் போய்க்கொண்டிருக்கிறார்கள்; 2011ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் வால்பாறை நகராட்சியின் தொகை ஏறத்தாழ 71,000; அதற்கு முந்திய கணக்கைவிட அது வெகுவாகக் குறைவு. வாடிக்கைக்காரர் குறைந்துவரும் இடத்தில் புதிதாக முதல் போட எந்தக் கம்பெனிதான் முன்வரும்?

கம்பெனி முன்வராத இடத்தில் பொதுப்பணம் முன்வர வேண்டும் என்பதற்காகவே இந்நாட்டில் 2002ஆம் ஆண்டிலேயே ஒரு நிதி ஏற்படுத்தப்பட்டது. தொலைபேசிக் கம்பெனிகள் தங்கள் வருமானத்தில் நூற்றுக்கு ஐந்து வீதம் அதில் செலுத்துகின்றன. இப்போது அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர். 2022ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மத்திய மந்திரிசபை, தொடர்பு இல்லாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி வசதி செய்வதற்காக 26,316 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்குச் சம்மதமும் அளித்தது. நல்ல காரியம், அதில் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் எண்ணுகிற முறையைப் பற்றி ஒரு விண்ணப்பம் உண்டு. கிராமத்தை அலகாக வைத்துக்கொண்டு எண்ணினால், நிர்வாகக் கணக்கில் நகராட்சியாக இருக்கும் வால்பாறையின் எஸ்டேட் லைன்களுக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடைப்பது துர்லபம். அது போகட்டும். மனிதன் படுத்துறங்கும் இடத்தில் அலை எட்டுகிறதா என்று பார்ப்பதே எங்கும் வழக்கமாக இருக்கிறது. ஆபத்தோ அவன் நடக்கும் இடத்தில் இருக்கிறது. பஸ் நிறுத்தத்துக்கும் லைன் வீட்டுக்கும் இடையே உள்ள அந்த ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான் சோதிக்கப்பட வேண்டிய ஸ்தலம். ஆடி மாதத்து மாலை ஆறரை மணி, மின்சாரம் போயிருக்கும் சமயம், அதுதான் சோதிக்கப்பட வேண்டிய வேளை. வெயில் காலத்துப் பகற்பொழுதில் ஜீப்பில் உட்கார்ந்துகொண்டு எடுக்கிற கணக்கு இந்தக் காரியத்துக்கு உதவாது.

டவர்களைக் காடெங்கும் நாட்டிவிட வேண்டும் என்று நான் வாதாடுவதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. அவசியமே இல்லை. தேயிலைத் தொழிற்சாலையின் கூரை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அணைக்கட்டை ஒட்டிய சர்க்கார் நிலம் என்று மரம் ஒன்றுகூட வெட்டாமல் கருவி பொருத்தத்தக்க உயரங்கள் அந்தப் பீடபூமியில் ஏராளம். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு டவர் என்பதற்குப் பதிலாக ஒரே டவரைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் முறை நம் நாட்டில் ஏற்கனவே பழக்கத்தில் இருப்பதுதான். காட்டுக்கு உள்ளே வசிக்கும் ஆதிகுடிகளான காடர், முதுவர், மலசர் முதலியோருடைய குடியிருப்புகளைப் பொறுத்த வரையில் விஷயம் சற்று வேறு. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், கிராம சபையின் சிபாரிசின் பேரில், ஒரு ஹெக்டேருக்கும் குறைவான நிலத்தில், மின்சார, தொலைத்தொடர்புக் கம்பிகள் உட்படச் சில அடிப்படை வசதிகளைச் செய்துகொள்ள வழிவிட்டிருக்கிறது. அந்த வழியே நடக்க விரும்புகிறவர்கள் முதலில் கிராம சபையில் போய் உட்கார வேண்டும். அங்கே உட்காரப் பொறுமை இல்லாதவர்கள்தான் சட்டத்தைக் குறை சொல்வதை அதிகமாகக் கேட்கிறோம்.

இன்னொரு வேலையும் அங்கே சத்தமில்லாமல் நடக்கிறது. மேற்சொன்ன ஸ்தாபனத்தைச் சேர்ந்த திவ்யா முடப்பா, டி.ஆர். சங்கர் ராமன் என்ற தம்பதிகள் இருபது வருஷங்களுக்கு மேலாகத் தோட்டக் கம்பெனிகளோடு உடன்படிக்கை செய்துகொண்டு, சீர்குலைந்த சோலைத் துண்டுகளில் அந்தந்த மண்ணுக்குரிய மரவகைகளை நாற்றாக வளர்த்து நட்டு வருகிறார்கள். களைச்செடி மண்டிக் கிடந்த இடங்களில் இன்று மரங்கள் எழுந்து நிழல் கொடுக்கின்றன. இதற்கும் தொலைபேசிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். யானை பகற்பொழுதை ஓடைக்கரை மரங்களிலும் சோலைத் துண்டுகளிலும் கழித்துவிட்டு, அந்தியில் வெளிப்படுவது வழக்கம். அந்த ஒதுங்கிடங்கள் அழிந்தால் அது பகலிலும் தேயிலைக்குள் அலைய நேரும்; அப்போது இரவும் பகலும் எரியும் விளக்கை யார் மதிப்பார்கள்? மரம் யானைக்கு ஓர் ஒழுங்கான வழக்கத்தைக் கொடுக்கிறது. அந்த வழக்கம் இருப்பதனால்தான் எச்சரிக்கைக்கு மதிப்பு இருக்கிறது. சிறுத்தையின் விஷயத்தில் இவ்வளவும் பயன்படாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது யானையைப் போலத் தன் இருப்பைக் காட்டிக்கொண்டு கூட்டமாக நடப்பதில்லை. எந்தக் குறுஞ்செய்தியும் அதனைப் பின்தொடர முடியாது. அங்கே வேண்டுவது, லைன் வீட்டுக்குள்ளேயே கழிப்பறை, வாசலில் வெளிச்சம், சுற்றிலும் புதர் நீக்கம். அது வேறு அத்தியாயம்.

கடைசியாக ஒன்று. மலையிறங்கிப் போன தமிழ்த் தொழிலாளர்களின் இடத்தில் இப்போது அஸ்ஸாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிஸாவிலிருந்தும் ஜனங்கள் வந்து லைன் வீடுகளில் குடும்பத்தோடு வசிக்கிறார்கள். அவர்களில் பலர் இதற்கு முன் தேயிலைக்குள் யானை நிற்கும் தோற்றத்தைப் பார்த்திராதவர்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் அதன் அர்த்தம் இன்னதென்று அவர்களுக்கு யாராவது சொன்னால்தான் தெரியும். தமிழில் வரும் குறுஞ்செய்தி அவர்களுக்கு வெறும் கோடுகள். பலருடைய சிம் கார்டு சொந்த ஊரில் வாங்கியது. எந்தப் பட்டியலிலும் அதன் எண் ஏறியிராது. டவர் முழுமையாகக் கிடைத்தாலும் செய்தி அவர்களைத் தாண்டியே போகும். புதிதாக வேலைக்கு வருகிறவரின் பெயரைத் தோட்ட ஆபீசில் பதியும்போதே அவருடைய கைப்பேசி எண்ணையும், அவருக்குப் புரியும் பாஷையையும் கேட்டுக் குறித்துக்கொண்டு, அன்று மாலையே எதிர்ச்சரிவில் உள்ள விளக்கை அவருக்குக் காட்டிவிட ஒரு குமாஸ்தா போதும். இதற்கு டில்லியிலிருந்து உத்தரவு வரவேண்டியதில்லை.